வெள்ளை கட்டிய வாசல்

அத்தியாயம் 14

“வழிய விடுங்கட்டி! குடத்த வரிசையா கை மாத்துங்க, ஓடாதிய!”

பெண்களை ஓடாதே என்று அதட்டிவிட்டுச் சாலோமி மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள். தோளில் வெள்ளைத் துணிக் கட்டு துள்ளியது. வேதக்கோயில் மணி மூச்சு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

தெருவின் மேலக்கடைசியில் கோமுவின் விடிலி எரிந்தது. பயினி என்கிற பதநீரைத் தாச்சிச் சட்டியில் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டு அவன் விறகு பொறுக்கப் போயிருந்தான். அதற்குள் ஆடிக் காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது. கருப்பட்டி காய்ச்சுகிற அந்த ஓலைக் குடிசை முழுசாகப் பற்றி, கங்குகள் கிழக்கே பறந்தன. கிழக்கேதான் தயாபுரம் முழுவதும் இருந்தது. இந்தக் கடைசியிலிருந்து ஆற்றங்கரை வரை அத்தனையும் பனையோலைக் கூரை.

“எம் பயினி போச்சே! எம் தாச்சி போச்சே!” என்று கோமு தலையில் அடித்துக்கொண்டான்.

“ஏலே, உம் பயினி ஊரையே குடிக்கப் பாக்கு. ஒப்பாரிய நிறுத்திட்டு வடத்தப் பிடி” என்றார் தில்லைநாயகம் பிள்ளை. பிள்ளைமார் தெருக்காரர், தயாபுரம் அக்கினிக் காவல் சங்கத்தின் காரியதரிசி. நெருப்புக்கு நடுவிலும் மேல்துண்டு மடிப்புக் கலையாத மனிதர்.

சாலோமி தேடியது தன் தம்பியை.

கிருபைராஜ் தெரு நடுவில், கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக் காற்றைப் பார்த்தபடி நின்றிருந்தான். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இந்த ஈஸ்டரிலிருந்து சங்கத்தின் தலைவன். எந்தக் கூரையை அறுப்பது என்று சொல்லும் அதிகாரம் அவன் ஒருவனுக்குத்தான்.

தயாபுரத்தில் தீயை அணைக்க யாரும் முயல்வதில்லை. அதன் வழியை அறுப்பார்கள். எரிகிற வீட்டை விட்டுவிட்டு, அதற்கு அப்பால் ஒரு கூரையின் முகட்டில் இரும்புக் கொக்கியை மாட்டி, இருபது பேர் வடம் பிடித்து இழுத்துத் தரையில் சாய்ப்பார்கள். விழுந்த ஓலையைப் பெண்கள் நனைத்துவிடுவார்கள். தீ அதுவரை வந்து, தாண்ட வழியில்லாமல் சாகும். வீடு இழந்தவருக்குச் சங்கம் புதுக் கூரை போட்டுக் கொடுக்கும்.

“கோமு மாட்டுத்தொழுவ அறுத்தா போதும்னு நெனைக்கேன் யக்கா. மாடு வெளிய வந்துட்டு. தாழ்ந்த கூரை, சட்டுனு விழும்.”

“போதாது.”

“ஏன் போதாது?”

“காத்தப் பாத்தியா நீ? கங்கு தொழுவத் தாண்டிப் பறக்கு. அதுக்கடுத்த வீட்ட அறு.”

கிருபைராஜ் திரும்பிப் பார்த்தான். தொழுவத்துக்கு அடுத்திருந்தது தெருவிலேயே உயர்ந்த ஓலை வீடு. வேதநாயகத்தின் வீடு.

“யக்கா…”

“வாக்குக் குடுத்திருக்கே.”

இந்த வாக்கின் கதை தொடர்ந்து படித்துவருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி.

வேதநாயகம் சாலோமியின் கணவன் நேசையாவுக்கு அண்ணன். சங்கத்தை உண்டாக்கியவர்களில் ஒருவர், பல வருஷம் அதன் தலைவர். கூரையை இழுப்பதற்கு முன் ஒருவர் உள்ளே போய் மூன்று முறை குரல் கொடுத்து, மூலை முடுக்கெல்லாம் பார்த்து, ஆள் இல்லை என்று தெரிந்தால் கதவு வளையத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்ட வேண்டும். வெள்ளையைக் கண்ட பிறகே வடம் நகரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கீழ்க்கடைசியில் தீப்பிடித்தபோது நேசையாவின் வீட்டை அறுக்க வேண்டி வந்தது. சாலோமி ஊரில் இல்லை. காய்ச்சலில் கிடந்த கணவனின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டுவிட்டு, கொய்னா மருந்து வாங்கப் பாளையங்கோட்டைக்கு நடந்திருந்தாள். வாசலில் வெள்ளை கட்டியிருந்தது. வடத்தை இழுத்தார்கள். திரும்பி வந்த சாலோமி கண்டது சாய்ந்த முகட்டுக் கட்டையையும் அதன் அடியிலிருந்து எடுத்துக் கிடத்தியிருந்த நேசையாவையும்தான்.

வெள்ளையைக் கட்டியது யார் என்று சங்கம் கேட்டது. “நான்தான். சரியாப் பாக்காம கட்டிட்டேன்” என்றார் வேதநாயகம். அன்றே தலைமையை விட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு சாலோமி அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வேதநாயகத்தை ‘அத்தான்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சங்கத்தில் சேர்ந்தாள். பெண்கள் வரிசைக்குத் தலைவியானாள். வீடு வீடாக ஏறி இறங்கித் தன் தம்பியைத் தலைவனாக்கினாள். போன வாரம் அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்: அந்த வீட்டுப் பக்கம் எப்போது தீ வந்தாலும், அறுக்கிற கூரை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தீ வந்துவிட்டது.

“பெரிய வீடு!” என்று கத்தினான் கிருபைராஜ். குரல் உடைந்தது. “வேதநாயகம் மச்சான் வீட்ட அறுங்க!”

வடம் பிடித்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “தொழுவு இருக்கும்போது…” என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

“என்ன வே பாக்குதிய? தலைவன் சொல்லியாச்சு. கொக்கிய எறியுங்க” என்றது ஒரு கனத்த குரல்.

வடத்தின் முன்வரிசையில், சட்டையில்லாமல், காலை ஊன்றி நின்றிருந்த வேதநாயகம்தான் அது. தன் வீட்டின் கூரையைத் தானே இழுக்க நின்றார். சாலோமிக்கு அது பிடிக்கவில்லை. அவர் தடுப்பார், காலைப் பிடிப்பார், கெஞ்சுவார் என்று அவள் மூன்று வருஷமாக மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்த காட்சி வேறு.

இருக்கட்டும். விழும்போது முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

“உம்ம பெண்டாட்டி தேவமணி எங்க?” என்று கேட்டார் காரியதரிசி.

“ஆத்துக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்கா” என்றார் வேதநாயகம்.

“சாலோமி, உள்ள பாத்து வெள்ளை கட்டு!”

இதைத்தானே அவள் எதிர்பார்த்திருந்தாள்? கட்டிலிருந்து ஒரு துணியை உருவிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தாள்.

உள்ளே அரையிருட்டு. ஓலை வழியாகப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த முதல் மாதம் முழுக்க அவள் சோறு பொங்கிய வீடு இது. அடுப்படி அதே இடத்தில் இருந்தது. சுவரில் அதே சிலுவை.

“உள்ள யாரு?”

அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

“உள்ள யாரு?”

கூரையில் இரும்புக் கொக்கி வந்து விழுந்து பிறாண்டியது.

“உள்ள யாரு?”

ஒருவரும் இல்லை. திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள். நெல் சேமிக்கும் மண் குலுக்கைக்குப் பின்னால் ஈரச் சேலையின் ஓரம் தெரிந்தது. அதன் கீழே ஒரு பாதம்.

தேவமணி.

ஆற்றிலிருந்து பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள். மூன்று முறை கூப்பிட்டது காதில் விழுந்திருக்கும். கூப்பிட்டது யார் என்றும் தெரிந்திருக்கும். ஆனாலும் மூச்சுக் காட்டவில்லை. எதையோ எடுக்க வந்திருக்கிறாள், அதைச் சாலோமி பார்த்துவிடக் கூடாது என்று ஒளிகிறாள். நகையாக இருக்கும். வேறென்ன.

சாலோமி ஒரு நொடி நின்றாள். பிறகு வெளியே நடந்தாள்.

ஏன் கூப்பிடவில்லை என்று அவளைக் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கால்கள் நடந்தன. கை கதவு வளையத்தைத் தேடியது. மேல்காற்று துணியைப் பிடுங்கப் பார்த்தது. அதை இறுக்கிப் பிடித்து வளையத்துக்குள் நுழைத்தாள்.

கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டேன். ஊரே கேட்டிருக்கும். பதில் வரவில்லை. சரியாகப் பார்க்காமல் கட்டிவிட்டேன்.

அவர் சொன்ன அதே வார்த்தை. அவருக்கு அதுவே திரும்பிப் போகும். சாய்ந்த முகட்டுக்கு அடியிலிருந்து அவரும் ஒரு உடம்பைத் தூக்கிப் பார்க்கட்டும். அப்போது தெரியும், கையில் தூக்கும்போது மனுஷ உடம்பு எவ்வளவு கனம் என்று.

முதல் முடிச்சு விழுந்தது.

“யக்கா! வெள்ளையா?”

கிருபைராஜின் குரல். சாலோமியின் வாய் திறக்கவில்லை. காற்று துணியைப் படபடவென்று விரித்தது. தெருவுக்கே தெரிந்தது.

“வெள்ளை! வெள்ளை!” என்று யாரோ கத்தினார்கள். வடம் விறைத்தது. முகடு முனகியது. கூரையிலிருந்து ஒரு கை ஓலை சரிந்து அவள் காலடியில் விழுந்தது.

“நிறுத்துங்க வே! ரெண்டாவது முடிச்சு விழல!”

வேதநாயகம் வடத்தை எதிர்த்திசையில் பிடித்து மல்லாந்து கிடந்தார். பின்னால் இழுத்தவர்கள் அவரையும் சேர்த்து மண்ணில் இழுத்துப்போனார்கள். விடவில்லை. “ரெண்டு முடிச்சு! ரெண்டு முடிச்சு இருந்தாத்தான்!” என்று கத்திக்கொண்டே புழுதியில் உரசிப்போனார்.

இரண்டு முடிச்சு என்பது அவர் தலைமையை விட்டு இறங்குவதற்கு முன் கொண்டுவந்த கடைசி விதி. துணியின் ஓரத்தில் சிவப்பு நூல் தைத்திருக்க வேண்டும் என்பதும் அவருடையதே. அதற்கு முன்னால் எந்த வெள்ளைத் துணியானாலும் சரி, எப்படிக் கட்டினாலும் சரி. ஆளைக் கொன்ற பிறகு விதி எழுத வந்துவிட்டான் என்று அப்போது சாலோமி காறித் துப்பியிருந்தாள்.

அந்த விதி இன்று அவர் மனைவியின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. உள்ளே யாரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆனாலும் வடத்தை விடவில்லை.

சாலோமி முடிச்சைப் பிய்த்து எறிந்தாள்.

“இழுக்காதிய! ஆள் இருக்கு!”

உள்ளே ஓடினாள். குலுக்கைக்குப் பின்னாலிருந்த கையைப் பற்றி இழுத்தாள்.

“வா யக்கா வெளிய! எவ்வளவு நகைக்கு உசிர விடப் பாக்கே?”

மூன்று வருஷத்துக்குப் பிறகு ‘யக்கா’ என்று வாய் சொல்லிவிட்டது. தேவமணி கக்கத்தில் ஒரு தகர டப்பாவை இடுக்கியிருந்தாள். இருமினாள். வெளிறிய முகத்தோடு சாலோமியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. ஆனால் கூரையைப் பற்றிய பயம் இல்லை அது.

இருவரும் வாசலைத் தாண்டினார்கள். சாலோமி இரண்டு முடிச்சுப் போட்டாள். “வெள்ளை!” என்று தன் வாயாலேயே சொன்னாள்.

பெரிய வீடு ஒரே இழுப்பில் சாய்ந்தது.

*

தீ தொழுவத்தோடு நின்றுவிட்டது. வேதநாயகத்தின் வீடு வரை அது வரவேயில்லை. நனைந்து குவிந்து கிடந்த அந்த ஓலையில் ஒரு கீற்றுகூடக் கருகவில்லை. ஊர் அதைப் பார்த்தது. 

சாம்பல் ஆறுவதற்கு முன் கூட்டம் கூட வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். அறுத்த கூரையைச் சுற்றியே உட்கார வேண்டும். அறுத்த காரணத்தைத் தலைவன் சொல்ல வேண்டும். வீட்டுக்காரன் கேள்வி கேட்கலாம், அவன் கேட்டு முடித்து எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம். சாம்பல் கூட்டம் என்று அதற்குப் பெயர்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. முகமெல்லாம் கரியாக அறுபது எழுபது பேர் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கை நீட்டிச் சங்கத்து உறுதிமொழியைச் சொன்னார்கள்.

“யார் வீடு என்று கேளோம். கூப்பிட்டுப் பாராமல் வெள்ளை கட்டோம். நம் கூரை விழுந்தாலும் குறுக்கே நில்லோம்.”

கூப்பிட்டுப் பாராமல் என்ற இடத்தில் சாலோமி முந்தானையால் வாயைப் பொத்தினாள். இருமுவதுபோல் சமாளித்தாள்.

கிருபைராஜ் எழுந்தான். “காத்து பலமா இருந்துது. தொழுவு போதாதுன்னு பட்டுது. அதான்” என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“வேதநாயகம், கேள்வி உண்டா?” என்றார் காரியதரிசி.

“இல்ல.”

“யோசிச்சுச் சொல்லும் வே. ஓலை ஒண்ணுகூடக் கருகல. எனக்கே நாலு கேள்வி இருக்கு.”

“எனக்கு இல்ல அண்ணாச்சி.” அவர் முதுகு முழுக்கத் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. “தலைவன் நெருப்ப முன்னால நின்னு பாத்தவன். பொறவு உக்காந்து பேசுத நமக்கு என்ன தெரியும்? எந்திரிப்பம்.”

எழப் போனார்.

சாலோமிக்குப் பொறுக்கவில்லை. வீட்டை இழந்தவன் பேசாமல் எழுந்து போனால் அது என்ன பழி? அடித்தது அவனுக்கு வலித்தது என்றாவது தெரிய வேண்டாமா?

“உக்காரும்!” என்றாள்.

கூட்டம் திரும்பியது.

“எந்தம்பி பொய் சொல்லுதான். தொழுவே போதும். அவனும் அதத்தான் சொன்னான். நான்தான் இந்த வீட்டச் சொன்னேன்.” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். “காத்துக்காகச் சொல்லல. நெருப்புக்காகவும் சொல்லல. இந்த ஆளு கூரை மண்ணுல விழுறத நான் கண்ணால பாக்கணும், அதுக்காகச் சொன்னேன்.”

“ஏ சாலோமி, என்ன பேசுதே!” காரியதரிசியின் மேல்துண்டு முதல் தடவையாகத் தோளிலிருந்து நழுவியது. “சங்கத்துக் கொக்கிய உன் பகைக்கா எடுத்தே?”

“ஆமா. எடுத்தேன். என்னையும் தள்ளி வையுங்க. ஆனா அதுக்கு முன்னால இவரத் தள்ளுங்க.” வேதநாயகத்தின் முன்னால் போய் நின்றாள். “உம்ம பெண்டாட்டி உள்ள ஒளிஞ்சிருந்தா. நான் ஒரு முடிச்சுப் போட்டவ. ரெண்டாவதையும் போட்டிருப்பேன். போடல. உள்ள போயி உசிரோட கொண்டாந்து உம்ம கையில குடுத்தேன். எம் புருசன எங் கையில கொண்டாந்து குடுத்தது யாரு? சொல்லும்! எப்படிக் கொண்டாந்து குடுத்திய?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஊர் முன்னால இன்னொரு தடவ சொல்லும். அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல வெள்ளை கட்டினது யாரு?”

“நான்தான்.”

“சத்தமா!”

“நான்தான் தாயி.”

“கேட்டுக்கிட்டிய எல்லாரும்? இனிமே இந்தக் கை வடத்தத் தொடக் கூடாது. குடத்தத் தொடக் கூடாது. சங்கத்துல இவர் பேர் இருக்கக் கூடாது.”  இடுப்பில் வரிந்து கட்டியிருந்த பழைய துணியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். நேசையாவின் நெற்றியில் கடைசியாகக் கிடந்த துணி அது. கோணல்மாணலாகக் கிழிந்த பாதி வேட்டி. மணி அடிக்கிற நாளெல்லாம் அதைக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். “இது மேல சத்தியம் பண்ணித்தான் நான் இந்தச் சங்கத்துக்கே வந்தேன்.”

“அடிப் பாவி!”

கத்தியது தேவமணி.

பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். கக்கத்தில் அந்தத் தகர டப்பா.

“தேவமணி, உக்காரு” என்றார் வேதநாயகம். குரலில் அவ்வளவு நேரம் இல்லாத பதற்றம்.

“உக்கார மாட்டேன். மூணு வருசம் உக்காந்தாச்சு. வீடு போச்சு, பேசாம இருந்திய. ஊருல தலை நிமிர்ந்து நடக்க முடியல, பேசாம இருந்திய. இப்பச் சங்கத்த விட்டே போகச் சொல்லுதா, அப்பயும் பேசாம இருக்கிய!”

“குடுத்த வாக்கு என்னட்டி ஆச்சு?”

“நீங்க கேட்ட வாக்கு, நான் குடுக்கல. எரிச்சுருன்னு சொன்னிய. நான் எரிக்கல.” சாலோமியிடம் திரும்பினாள். “நகைன்னு நெனச்சியே, ஏட்டி? நகையா இருந்தா அது எரியட்டும்னு விட்டிருப்பேன். கூரைச் செருகல்ல வச்சிருந்தேன். கூரை விழுந்து நாலு பேரு ஓலையக் கிளறும்போது இது உங் கண்ணுல பட்டிரக் கூடாதேன்னுதான் உள்ள போனேன். நீ கூப்பிட்டதும் கேட்டுது. பேசுனா நீ வந்து பாத்திருவேன்னுதான் பேசல.”

டப்பாவைத் திறந்தாள். மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. பழுப்பேறியிருந்தது.

“அன்னைக்கு உங்க வீட்டு வளையத்துல இருந்த வெள்ளை இதான்.”

“அதுக்கென்ன?” என்றாள் சாலோமி. “இவர் கட்டினது. இவரே வச்சிருந்திருக்காரு.”

“விரிச்சுப் பாரு.”

“பாக்காத தாயி” என்றார் வேதநாயகம். அப்போதுதான் அவர் முதல் தடவையாகக் கெஞ்சினார். மூன்று வருஷமாகச் சாலோமி கேட்க ஏங்கிய குரல். “கூட்டம் முடிஞ்சுது. அண்ணாச்சி, எம் பேர அடிச்சிருங்க. எல்லாரும் எந்திரிங்க. சாலோமி, அத இங்கன குடு.”

அவர் கை நீண்டது. அவள் விலகிக்கொண்டு துணியை உதறினாள்.

ஓரத்தில் வண்ணார் குறி இருந்தது. சேங்கொட்டை மையில் மூன்று புள்ளி, அதன் கீழே ஒரு கோடு. தயாபுரத்தில் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி. வேதநாயகம் வீட்டுக் குறி வட்டம். சங்கத்துத் துணிக்குக் குறியே கிடையாது.

மூன்று புள்ளி, ஒரு கோடு. நேசையா வீட்டுக் குறி.

“எங்க வீட்டுத் துணி…” என்றாள். “எங்க வீட்டுத் துணிய எடுத்துக் கட்டியிருக்காரு. அப்படித்தான?”

துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்படின்னா… வெள்ளை, வெள்ளைன்னு அன்னைக்கும் ஒரு ஆளு கத்தினான்னு சொன்னாங்களே. அது யாரு? லே கிருபை, நீ வடத்துலதான நின்னே? நீ சொல்லு.”

கிருபைராஜ் நிமிரவில்லை. வடம் அறுத்த தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கரி இருந்தது, வேர்வை இருந்தது. ஆச்சரியம் மட்டும் இல்லை.

“ஒத்த முடிச்சு” என்றாள் தேவமணி, மெதுவாக. “அவிழ்க்கும்போது ஒத்த முடிச்சுதான் இருந்துச்சாம். ஈரங்கூடக் காயலயாம். இவுக எங்கிட்ட சொன்னது அவ்வளவுதான். அதுக்கப்புறந்தான் ரெண்டு முடிச்சுன்னாக. சிவப்பு நூலுன்னாக. இனிமே ஒரு வீட்டு வாசல்லயும் இந்தத் தப்பு நடக்கக் கூடாதுன்னாக. உனக்கு மட்டும் தெரியக் கூடாது, தெரிஞ்சா நீ உசிரோட இருக்க மாட்டேன்னாக.”

ஈரம்.

சாலோமியின் கை தானாக இடுப்புக்குப் போனது. அந்தப் பாதி வேட்டியை அவிழ்த்தாள். சாம்பலும் புழுதியுமாக இருந்த தரையில் விரித்தாள். பக்கத்தில் தேவமணியின் துணியை விரித்தாள். விளிம்போடு விளிம்பை நகர்த்தினாள்.

நடுவில் ஒரு ஒட்டு தையல் இருந்ததால் அங்கே கிழிசல் அரிவாள்போல் வளைந்திருந்தது. அந்த வளைவில் இந்த வளைவு போய் உட்கார்ந்தது. ஒரு முழு வேட்டி.

பல்லால் கடித்துக் கிழித்தவள் அவள்தான். நேசையாவின் காய்ச்சல் கொதித்த அந்தக் காலையில். ஒரு பாதியை அவன் நெற்றியில் போட்டாள்.

“அத்தான்…” என்றாள்.

வேதநாயகம் முகத்தை மூடிக்கொண்டார்.

மறு பாதியை அலசிப் பிழிந்து, தான் திரும்பி வருவதற்குள் காயட்டும் என்று, காற்றில் பறந்துவிடாமல் கதவு வளையத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டவளும் அவள்தான்.